தடுப்பைத் தாண்டி வந்த பிள்ளை

முப்பத்தாறு. கையில் இருக்கிற டோக்கன் முப்பத்தாறு, இப்போதுதான் இருபத்தொன்பதை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள், போனவளையும் சேர்த்தால் ஏழு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் எழுபது நிமிஷம். எழுபது நிமிஷம் தாங்குவியாடி என்று வேலுத்தாய் தன் அடிவயிற்றிடம் கேட்டாள். அது பதில் சொல்கிற நிலைமையில் இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே தளும்புகிறது, அதன் தலைமேல் ஏழு மாசப் பிள்ளை ஏறி உட்கார்ந்துகொண்டு காலை உதறுகிறது, ஒவ்வொரு உதறலுக்கும் கண்ணில் பூச்சி பறக்கிறது. “மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் டாக்டருக்குத் தெளிவாத் தெரியும்க்கா. நடுவுல பாத்ரூம் போயிட்டீங்கன்னா மறுபடி தண்ணி, மறுபடி டோக்கன். டாக்டர் ஒரு மணிக்கு மதுரைக்குக் கிளம்பிருவாரு. அப்புறம் அடுத்த வியாழக்கிழமைதான்” என்று ஸ்கேன் சென்டர் மேஜைப் பிள்ளை காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் தெரியாமல் இருப்பதா? இன்னும் ஒரு வாரம் அந்த நினைப்போடு படுத்து அந்த நினைப்போடு எழுந்திருப்பதா? அதற்கு இந்த எழுபது நிமிஷம் எவ்வளவோ தேவலை. இருபது வருஷ சர்வீஸ். தலைமைக் காவலர், ஊர் வாயில் ஏட்டம்மா. மந்திரி வருகிறார் என்று விடியற்காலை நாலு மணிக்குக் கொண்டுபோய் வெட்டவெளி ரோட்டில் நிறுத்தினால் சாயங்காலம்தான் மந்திரியின் கார் கண்ணில் படும், அதுவரைக்கும் ஒதுங்க ஒரு கருவேலஞ்செடி கிடையாது. ஆம்பளைப் போலீஸ் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் சோலி முடிந்தது, பொம்பளைப் போலீஸ் எங்கே போவாள்? முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவது, நாக்கு ஒட்டினால் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது, முட்டினால் பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு பல்லைக் கடித்துப் போகிற லாரிகளின் நம்பரைப் படிப்பது. டிபார்ட்மென்ட் சொல்லிக்கொடுக்காத பயிற்சி. இதற்கு யாரும் மெடல் குத்தவில்லை. போகட்டும், இன்றைக்காவது உதவட்டும்.

எதிர்ச் சுவரில் பெரிய போர்டு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்று. அட, அதைக் கேட்க இங்கே யார் வந்தது? ஆணாவது பெண்ணாவது. பிள்ளையின் நஞ்சுக்கொடி எங்கே எப்படி ஒட்டியிருக்கிறது, அதைச் சொல்லுங்கள் சாமி, போதும். அவளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே சொல்லிவிட்டார். “இந்தா பாருங்க வேலுத்தாய், கர்ப்பப்பைக்குள்ள மெத்தை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். நஞ்சு அதுல மேலாகத்தான் பிடிச்சிருக்கும், பிள்ளை பிறந்ததும் தானாக் கழண்டு வந்துரும். உங்களுக்கு அந்தப் பூச்சைத்தான் ரத்தப்போக்குக்காக ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சுட்டு எடுத்தோம். மெத்தை இல்லாத சுவத்துல நஞ்சு உக்காந்தா உள்ள வேர் விட்டுரலாம். அதோட மூத்த பிள்ளைக்குப் போட்ட ஆபரேஷன் தழும்பு வேற முன்பக்கம் இருக்கு. வேர் விட்டிருந்தா கழட்ட முடியாது, கழட்டப் போனா ரத்தம் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். பிள்ளையை எடுத்த கையோட கர்ப்பப்பையையும் எடுக்கணும், அப்பவும் உங்க உயிருக்கு...” என்று சொல்லிப் பேனாவை மூடினார். மூடின பேனாவின் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. வேர். அந்த வார்த்தை பல்லில் சிக்கின நார் மாதிரி ஒன்றரை மாசமாக அவளைப் படுத்துகிறது. கீரைக்கட்டு வாங்கினால் முதலில் வேரைப் பார்க்கிறாள். ஸ்டேஷன் சுவரில் அரசமரக் கன்று முளைத்திருந்தது, அதைப் பிடுங்க ஏறின பையன் “வேர் செங்கலைப் பிடிச்சிருச்சு ஏட்டம்மா, இழுத்தா சுவரே வரும்” என்றதும் “விடுடா, அதை விடு, இறங்கு கீழ” என்று கத்திவிட்டாள். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

“எத்தனாவதுக்கா?” பக்கத்து நாற்காலிப் பெண் கேட்கிறாள், முப்பத்தைந்தாம் டோக்கன், இருபத்திரண்டு வயசு இருக்கும், கை நிறையக் கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்த கை. ரெண்டாவது. முதப் பிள்ளை எத்தனை வயசுக்கா? பதினேழு. அவ்வளவுதான், அந்தப் பிள்ளை வளையலைத் திருக ஆரம்பித்துவிட்டது. திருகட்டும். நாற்பத்தொரு வயசில், மகள் பிளஸ் டூ படிக்கிறபோது, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று வேலுத்தாய்க்குத் தெரியாதா? பார்க்கட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, மனசு இன்னும் முழுசாக வரவில்லை. பார்வைக்குப் பயந்தே பாதி ஆயுசு போய்விட்டது. அந்தத் தேர் பந்தோபஸ்து ஞாபகம் வந்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. சித்திரை வெயில், தேர் நிலையிலிருந்து கிளம்பி நாலு அடி நகர்ந்திருக்கும், பின்னால் நின்ற கான்ஸ்டபிள் ரெஜினா மெதுவாக “அக்கா, திரும்பாதீங்க, அப்படியே நில்லுங்க” என்றாள். இரண்டு நாப்கினும் அதன் மேல் மடித்து வைத்த பழைய வேட்டித் துணியும் தாண்டி, காக்கி பேண்டின் பின்பக்கம் முழுக்க. ரெஜினா ஜீப்பிலிருந்து மழைக்கோட்டை எடுத்து வந்து இடுப்பில் கட்டிவிட்டாள். நெருப்பாகக் கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டுக் கட்டிக்கொண்டு ஏழு மணி நேரம். இன்ஸ்பெக்டர் மைக்கில் எல்லாரும் கேட்கிற மாதிரி “என்னம்மா, உனக்கு மட்டும் மழை பெய்யுதா?” என்றார். ஆயிரம் பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், வேறு என்ன செய்வது?

மாசத்தில் பதினெட்டு நாள் இப்படி, நாலு வருஷம் இப்படி. ஏறின படி இறங்கினால் தலை சுற்றும், வெளுத்துப்போன நாக்கைப் பார்த்து டாக்டரம்மா ரத்த அளவு ஆறுதான் இருக்கு, எப்படிம்மா நடமாடுறீங்க என்றார். நடமாடவில்லை டாக்டர், போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொன்னாள், இருவரும் சிரித்தார்கள், பிறகு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அவள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எட்டு வீட்டில் ஐந்து வீட்டுப் பொம்பளைகளுக்கு எடுத்தாயிற்று, டான்சில் எடுக்கிற மாதிரி எடுத்துவிட்டு வருகிறார்கள். மூணு மாசம் குடம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மூணு மாச லீவுக்கு எங்கே போவது? அப்போதுதான் டாக்டரம்மா இன்னொரு வழி சொன்னார். சின்ன பலூனை உள்ளே வைத்து அதில் கொதிக்கிற தண்ணீரை நிரப்பி, எட்டே நிமிஷத்தில் உள்பூச்சைச் சுட்டுவிடுவது. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு. எட்டு நிமிஷமா, நாலு வருஷத்துத் துன்பத்துக்கு எட்டு நிமிஷமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கும் டாக்டரம்மா சொல்லத்தான் செய்தார். ஆமாம், சொன்னார். இல்லை என்று பொய் சொல்லக்கூடாது. “இது குடும்பக் கட்டுப்பாடு இல்லம்மா. கரு தங்க நூத்துல ஒரு பங்குகூட வாய்ப்பில்லை, ஆனா தங்கினா உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. குழாயையும் சேர்த்துக் கட்டிரலாமா?” தேர்தல் டூட்டி முடியட்டும் டாக்டர் என்றாள் வேலுத்தாய். தேர்தல் முடிந்தது, திருவிழா வந்தது, திருவிழா முடிந்தது, கட்சி மாநாடு வந்தது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? நெருப்பு வைத்த இடத்தில் புல்லா முளைக்கப்போகிறது?

முப்பத்தொன்று உள்ளே போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே புருஷன் தங்கப்பாண்டியின் முகம் வந்து, அவளைப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, போயிற்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். மின்வாரியத்தில் லைன்மேன், நாற்பதடிக் கம்பத்தில் புயல் மழையில் ஏறுகிற மனுஷனுக்கு ஆஸ்பத்திரி வாசனை மட்டும் ஆகாது. வெளியே பைக் ஸ்டாண்டுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருக்கிறார். நட, நட, உனக்கென்னய்யா, உனக்கு முட்டினால் டீக்கடைக்குப் பின்னால் போவாய். நினைத்ததும் உள்ளே ஒரு அலை எழும்பி வந்தது, அம்மாடி, காலை ஒன்றோடொன்று இறுக்கி, எதிரே தொங்குகிற காலண்டரில் இருந்த பாத்திரக்கடைப் போன் நம்பரை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் படித்தாள். அலை இறங்கியது. பிடித்துவிட்டாள். சபாஷ் ஏட்டம்மா. இந்த உடம்பு, நாலு வருஷம் ஒரு சொட்டையும் நிறுத்தத் தெரியாமல் ஒழுகின உடம்பு, இன்றைக்குப் பார், ஒன்றரை லிட்டரையும் ஒரு பிள்ளையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குத் தன் உடம்பின் மேல் மரியாதை வருவது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

இத்தனைக்கும் அது உள்ளே வந்ததே தெரியாது. தெரிந்தால்தானே? மாசம் தவறிப்போச்சு என்று சொல்ல மாசம் என்று ஒன்று இருக்கவேண்டாமா? சுட்ட பிறகு அவளுக்கு அது முற்றிலும் நின்றுபோயிற்று, சுத்தம், துணி வாங்கும்போது வெள்ளைச் சுடிதார் எடுத்தாள் என்றால் பாருங்கள். ஸ்டேஷன் பொம்பளைப் போலீஸுக்கெல்லாம் கொண்டாட்டம். அம்மன் கோவிலில் சன்னிதிக்குள் நிற்கிற டூட்டி விழுந்து அன்றைக்கென்று தீட்டும் வந்துவிட்டால் பாவம் என்ன செய்வார்கள், இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லவா முடியும்? முன்னெல்லாம் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு அல்லாடுவார்கள். இப்போது ஒரே வழி, “ஏட்டம்மாவுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அவங்களைப் போடுங்க.” பங்குனித் திருவிழாவில் இருபத்தொரு நாளில் பதினேழு நாள் வேலுத்தாய்தான் சன்னிதியில். பூசாரி கைநிறையக் கொடுப்பார், சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பஞ்சாமிர்தம். பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப்போயிற்று, பொங்கல் என்றாள். இரண்டு ஓட்டை தள்ளிப்போயிற்று, சுண்டல் வாயு என்றாள். போலீஸ் டெய்லர் பேண்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டு, “ஏட்டம்மா, இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லை, வாயைக் கட்டுங்க” என்றான். வாயைக் கட்டினாள், கோவிலில் நின்றுகொண்டு பொங்கல் வேண்டாம் என்று சொன்னாள், அம்மன் என்ன நினைத்ததோ. அப்புறம் ஒரு நாள் நாலு ரோடு சந்திப்பில் கையை நீட்டி லாரியை நிறுத்தினபோது உள்ளே ஒன்று துள்ளியது. வாயு துள்ளாது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் யாழினி துள்ளின அதே துள்ளல், மறக்குமா? நீட்டின கை நீட்டினபடியே நின்றது, நாலு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன, அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஐந்து மாசம். வேண்டாமென்றால் சட்டப்படி இன்னும் சில வாரம் இருக்கிறது, யோசிச்சுச் சொல்லுங்க, எந்த முடிவுன்னாலும் நான் கூட இருக்கேன் என்றார் டாக்டரம்மா. தங்கப்பாண்டி யோசிக்கவே இல்லை. “எடுத்துரலாம் வேலு. எனக்கு நீ வேணும். அதை நான் பாத்ததுகூட இல்லை” என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. நியாயம்தான். யாழினி ஒரு வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், பிறகு வந்து, “நீ செத்துப்போயிட்டா நான் அதைத் தூக்கவே மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு மடியில் படுத்தாள். அதுவும் நியாயம்தான். வேலுத்தாய் இரண்டு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்றார்கள், வந்தது. கருக்குழாயில் தங்கி வெடித்திருக்கலாம் என்றார்கள், வழி தவறாமல் வந்து உள்ளே உட்கார்ந்தது. மூணு மாசத்தில் கலைந்திருக்கும் என்றார்கள், பொங்கலும் சுண்டலுமாகத் தின்று பெல்ட் ஓட்டையைத் தள்ளியது. அவளுக்குத் தேர்த் திருவிழாவில் பார்த்த ஒருத்தி ஞாபகம் வந்தாள். மூணு அடுக்கு மூங்கில் தடுப்பு, கயிறு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு போலீஸ். அத்தனையையும் குனிந்து நுழைந்து, ஒரு ஒல்லிப் பொம்பளை கையில் தேங்காயோடு தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், எப்படி வந்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. லத்தியை ஓங்கின வேலுத்தாய் அவள் மூச்சு வாங்குகிறதைப் பார்த்து இறக்கிவிட்டாள். “சரி, உடைச்சிட்டுச் சீக்கிரம் போ” என்றாள். இத்தனை தடுப்பைத் தாண்டி வந்த ஆளைத் திருப்பி அனுப்ப அவளுக்கு என்றைக்கும் மனசு வந்ததில்லை, அதுதான் அவளுடைய சர்வீஸில் உள்ள ஒரே குறை. புருஷனைக் கூப்பிட்டு, “இது வரட்டுங்க. எனக்கு வேணும். பயமா இருக்கு, ஆனாலும் வேணும்” என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு வேணும் என்று அவளுக்கே தெரிந்தது. ஸ்டேஷனில் விஷயம் போன அன்றைக்கு ஆயுதப்படைப் பையன்கள் பன்னிரண்டு பேர், பிரசவத்தன்று ரத்தம் தருகிறோம் என்று ரத்த குரூப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்கள். அந்தத் தாள் இப்போது பைக்குள் இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் வேர். வேர் விட்டிருந்தால்? அங்கேயே வந்து நின்றது மனசு, எந்தத் தெருவில் போனாலும் அதே முக்கில் வந்து முட்டியது. மணி பன்னிரண்டு இருபது. கதவுப் பக்கம் ஒரே கூச்சல். முப்பத்திரண்டு என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்திருக்கிறார்கள், ஒருத்தி கையில் நேற்றைய டோக்கனாம், புருஷன்மாரெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு மேஜைப் பிள்ளையிடம் எகிறுகிறார்கள், உள்ளேயிருந்து ஸ்கேன் முடித்து வெளியே வருகிறவளுக்கு வழியில்லை, டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிஷம் போயிற்று, எட்டு நிமிஷம் போயிற்று. வேலுத்தாய் பொறுத்துப் பார்த்தாள், நீ இன்றைக்குப் போலீஸ் இல்லை, நோயாளி, பேசாமல் உட்கார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள், எழுந்ததும் உள்ளே ஒன்றரை லிட்டரும் சேர்ந்து எழுந்தது, பல்லைக் கடித்தாள், வலது கையை நீட்டினாள். “ஆம்பளைங்க எல்லாரும் வெளிய! கதவுல ஒருத்தர் நிக்கக்கூடாது! நேத்து டோக்கனா, நீ அந்த ஓரம் உக்காரும்மா, கடைசியாப் பாக்கச் சொல்றேன். முப்பத்திரண்டு உள்ள போ. முப்பத்துமூணு எந்திரிச்சுக் கதவுகிட்ட தயாரா நில்லு!” நாலு ரோடு சந்திப்பில் லாரிக்காரனுக்கு எட்டுகிற குரல். ஆம்பளைகள் செருப்பைத் தேடினார்கள். வாசல் செக்யூரிட்டி காரணம் தெரியாமலே விறைப்பாக நின்றான். மேஜைப் பிள்ளை வாயைப் பிளந்து, “நீங்க யாருக்கா?” என்றது. “டோக்கன் முப்பத்தாறு” என்றாள் வேலுத்தாய்.

முப்பத்திரண்டும் முப்பத்துமூணும் போய் வந்த பிறகு, ஆட்டோவில் வந்து இறங்கின ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்கள். நாலு மாசம் இருக்கும், முகம் சுண்ணாம்பு, பின்பக்கச் சேலையில் கையகலத்துக்குச் சிவப்பு. வேலுத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பார்க்காதே என்று ஒரு மனசு, பாரு என்று ஒரு மனசு. முப்பத்துநாலு உள்ளே போகக் கதவைத் தொட்டுவிட்டாள். இன்னும் முப்பத்தைந்து, அப்புறம் நான், மணி பன்னிரண்டு நாற்பது. இவளை விட்டால் பத்து நிமிஷம், டாக்டர் எழுந்துவிட்டால்? அடுத்த வியாழக்கிழமை. அடச்சீ, என்ன கணக்குப் போடுகிறாய். “இந்தப் பிள்ளையை முதல்ல விடுங்க” என்றாள், தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி, “ஒண்ணும் ஆகாது கண்ணு, மூச்சை இழுத்து விடு, போ” என்று முதுகில் தட்டி அனுப்பினாள். முப்பத்துநாலு கதவை விட்டு ஒதுங்கினாள். உள்ளே பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை வேலுத்தாய் எப்படித் தாண்டினாள் என்று கேட்கக்கூடாது. நடந்தால் முட்டியது, நின்றால் முட்டியது, உட்கார்ந்தால் பிள்ளை உதைத்தது, நெற்றியில் வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. பக்கத்து வளையல்காரி, “அக்கா, நான் அப்புறம் போறேன், எனக்குச் சும்மா மாசாமாசம் பாக்குறதுதான், நீங்க போங்க” என்றாள். “நிஜமாவா தாயி?” என்று கேட்டாள் வேலுத்தாய். கதவு திறந்தது. ஆட்டோவில் வந்தவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தாள், இதயம் துடிக்குதாம்க்கா, ரத்தம் நின்னுரும்னாரு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழு, நல்லா அழு, எனக்கும் சேர்த்து அழு என்று சொல்லிவிட்டு, முப்பத்துநாலும் உள்ளே போய் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்ததும் வேலுத்தாய் உள்ளே போனாள்.

உள்ளே இருட்டும் ஏசிக் குளிரும். டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பழைய ரிப்போர்ட்டைப் படித்தார், “பலூன் வச்சுச் சுட்டதா?” என்று ஒரு தடவை கேட்டார், அதற்கு மேல் பேச்சில்லை. ஜெல்லைத் தடவிக் கருவியை அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். தண்ணீர் நிறைந்த இடத்தின் மேலேயே அழுத்தினார். ஐயோ என்று கூடச் சொல்லாமல் வேலுத்தாய் கட்டில் விளிம்பைப் பிடித்தாள். “வலிக்குதாம்மா?” “வலியில்ல சார். அவசரம்.” டாக்டர் மூக்கால் சிரித்தார். மறுபடி மௌனம். இந்த மௌனம் அவளுக்குத் தெரியும், ஸ்டேஷனில் எழுதிக்கொண்டே இருக்கிற எஸ்.ஐ. தலையைத் தூக்காமல் இருந்தால் எதிரே நிற்கிறவனுக்கு உள்ளங்கால் வேர்க்குமே, அந்த மௌனம். கருவி இடது பக்கம் போயிற்று, மேலே போயிற்று, திரும்பிக் கீழே வந்து ஒரே இடத்தில் நின்றது. நின்றுவிட்டதே. ஏன் அங்கேயே நிற்கிறது? பொத்தானை அழுத்துகிறார், பெரிசாக்குகிறார், சிவப்பும் நீலமுமாகத் திரையில் என்னவோ மினுங்குகிறது. ரத்தம்தான் அது. வேர்தான் அது. யாழினி, அம்மா எதுவும் தப்பாச் செய்யலைடி, வேணும்னு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஏங்க, கோவிச்சுக்காதீங்க. தாயே, பதினேழு நாள் உன் வாசலில் நின்னேனே, பொங்கல் வேண்டாம்னு சொன்னதுக்கா? “அம்மா, மூச்சை விடுங்க, ஏன் பிடிக்கிறீங்க” என்றார் டாக்டர். அப்போதுதான் மூச்சையும் சேர்த்துப் பிடித்திருந்தது தெரிந்தது. அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இந்தக் கறுப்பு உங்க மூத்திரப்பை. பிரமாதமா நிரப்பிக் கொண்டுவந்திருக்கீங்க, இப்படிக் கொண்டுவந்தாத்தான் எனக்குத் தெரியும். இது கர்ப்பப்பைச் சுவரு. ரெண்டுக்கும் நடுவுல இந்த வெள்ளைக் கோடு தெரியுதா, எங்கேயும் அறுபடலை. நஞ்சு மேல பின்பக்கமா இருக்கு, பழைய தழும்புல படலை. அதுக்கும் சுவத்துக்கும் நடுவுல இந்தக் கறுப்புக் கோடும் முழுசா இருக்கு. உள்ள போகலைம்மா. நூத்துக்கு நூறுன்னு ஸ்கேனை வச்சுச் சொல்லக்கூடாது, பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் கையில வச்சுக்கிட்டுத்தான் பாக்கணும், கொஞ்சம் முன்னாடியே பிறக்கலாம். ஆனா இன்னிக்கு நான் பாத்த வரைக்கும், கோட்டைத் தாண்டலை.”

கோட்டைத் தாண்டவில்லை. இருபது வருஷம் நாலு ரோட்டில் வெள்ளைக் கோட்டைத் தாண்டாதே தாண்டாதே என்று தொண்டை கிழியக் கத்தினவளுக்கு அந்த வார்த்தை நேராக நெஞ்சில் இறங்கியது. அத்தனை தடுப்பையும் தாண்டி வந்த பிள்ளை, தாண்டக்கூடாத ஒரே கோட்டை மட்டும் தாண்டாமல் நின்றிருக்கிறது, என்ன ஒழுக்கம், என்ன அறிவு. “நீங்க போயிட்டு வாங்கம்மா, பாத்ரூம் இடது பக்கம்” என்றார் டாக்டர், ஜெல் துடைக்கக் காகிதம் கொடுத்தார். வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. “சார், இன்னொரு தடவை அதைக் காட்டுங்க.” “அவசரம்னீங்களே?” “இருக்கட்டும் சார். காட்டுங்க.” அவர் மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கருவியை மறுபடி வைத்தார். கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே ஒரு முதுகெலும்பு, அதற்கு உள்ளே தத்தித் தத்தி அடிக்கிற ஒரு புள்ளி. நெருப்பு வைத்த வீட்டில் வந்து குடியேறி விளக்கேற்றிவிட்டாயா நீ? அழுகை வந்தது, அடக்கவில்லை, அடக்கவேண்டியது வேறு இருந்தது.

வெளியே வந்தபோது தங்கப்பாண்டி கதவுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார், அழுத முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்தார். “என்ன வேலு? என்ன சொன்னாரு? ஏ வேலு!” அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஏழு மாச வயிற்றோடு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக இடது பக்கம் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாடா. அப்பாடா என் அப்பனே. வெளியே அந்த மனுஷன் கதவைத் தட்டுகிறார், சொல்லிட்டுப் போடி, என் உசுரு போகுது என்கிறார், இவளுக்கு வாய் திறக்க முடியவில்லை, நிற்கவே மாட்டேன் என்கிறது. எழுந்தாள், தண்ணீர் ஊற்றினாள், சோப்பு போட்டுக் கை கழுவினாள், கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பார்க்கவில்லை. நாலு வருஷமும், அப்புறம் பிள்ளை இருக்கிறதென்று தெரிந்த இந்த இரண்டு மாசமும், இப்படி உட்கார்ந்து எழுந்தால் முதல் காரியமாகக் குனிந்து சிவப்பு இருக்கிறதா என்று நெஞ்சு அடிக்கப் பார்ப்பவள், இன்றைக்குப் பார்க்க மறந்தே போனாள். ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். ஹாலில் அத்தனை பேரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேஜைப் பிள்ளை, வளையல்காரி, வெளியே தள்ளின புருஷன்மார் எல்லாரும். “எல்லாம் அதது இடத்துல இருக்காம்ங்க!” என்றாள், நாலு ரோட்டுக்கும் கேட்கிற குரலில். “நானும் நல்லா இருக்கேன், அதுவும் நல்லா இருக்கு!” தங்கப்பாண்டி அவள் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு, “மெதுவாப் பேசுடி, எல்லாரும் உன்னையே பாக்குறாங்க” என்றார்.

“பாக்கட்டுங்க” என்றாள் வேலுத்தாய். வயிற்றை நிமிர்த்திக்கொண்டு ஹாலின் நட்டநடுவில் நடந்தாள். “நல்லாப் பாக்கட்டும்.”